அப்பா காசில் பாட வந்தவன்

ஹாங்காங் பாடகர்களுக்கு வருஷக் கடைசி வந்தால் வயிற்றில் புளி கரைக்கும். டிவிபி தொலைக்காட்சி, கமர்ஷியல் ரேடியோ, அரசு வானொலியான ஆர்டிஎச்கே, மெட்ரோ ரேடியோ என்று நான்கு நிறுவனங்கள், நான்கு தனித்தனி விருது விழாக்கள். யாருக்குக் கொடுத்தார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்று அதன்பிறகு பல நாள் ஊரே சண்டை போடும். 2002இல் அறிமுகமான 18 வயதுப் பையன் ஒருவன் அந்தப் பருவத்தில் புதுமுகப் பாடகர் விருது வாங்க மேடை ஏறினான். அரங்கத்திலிருந்து எழுந்தது கைதட்டல் இல்லை, ஊளை. விருதைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டபடி நிற்க வேண்டியிருந்தது.

பையன் பெயர் ஜூனோ மாக். ஹாங்காங் மக்கள் பேசும் காண்டனீஸில் மாக் சுன்-லுங். அப்பா பெரிய தொழிலதிபர். தொலைபேசிக் கருவி தயாரித்த குழுமத்தின் தலைவராக இருந்தவர். இளமையில் ஒரு பகுதி கனடாவின் வான்கூவரில் கழிந்தது. இவ்வளவு போதும் ஊருக்கு. காசு கொடுத்துப் பாட வந்தவன், காசு கொடுத்து விருது வாங்கியவன் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பல வருஷம் அந்தத் தீர்ப்பு மாறவே இல்லை.

அந்தக் கோபத்தை வெறும் பொறாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காண்டோபாப், அதாவது காண்டனீஸ் பாப் இசையின் ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்களில் பலர் கீழே இருந்து ஏறி வந்தவர்கள். அனிதா முய் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன்பே கேளிக்கைப் பூங்காவில் பாடிச் சம்பாதித்தவர்; 1982இல் டிவிபியின் புதுத் திறமைப் போட்டியில் ஜெயித்துத்தான் மேலே வந்தார். அந்த நகரம் தன்னைப் பற்றித் தனக்கே சொல்லிக்கொள்ளும் கதையும் அதுதான்: ஒண்டுக்குடித்தனத்தில் பிறந்தாலும் உழைத்தால் மேலே வரலாம். அந்த வரிசையில் ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை நேராக முன்னால் வந்து நின்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். காலமும் சரியில்லை. 2003 ஏப்ரல் 1 அன்று பாடகரும் நடிகருமான லெஸ்லி சியுங் மாடியிலிருந்து குதித்து உயிரை விட்டார். ஊர் சார்ஸ் நோய்க்கு முகமூடி கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. டிசம்பர் 30இல் அனிதா முய் புற்றுநோயில் போனார். ஒரே வருஷத்தில் இரண்டு தூண்கள் சாய்ந்த இசை உலகில் புதுமுகங்களைப் பார்த்து யார் சிரிப்பார்கள்?

ஜூனோ மாக் பாடகராக என்ன தேறினார்? உள்ளதைச் சொன்னால், குரல் சின்னது. மேல் ஸ்தாயிக்குப் போனால் மெலிந்துவிடும். ஜாக்கி சியுங் மாதிரி ஒரு வரியில் அரங்கத்தை எழுப்பி நிறுத்தும் சமாசாரம் அவரிடம் கிடையாது. அப்புறமும் அவர் பாட்டுகளை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறேன் என்று யோசித்தால், அந்தக் குரலுக்கு என்ன தாங்கும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது என்று தோன்றுகிறது. கத்துவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார். பேசுவதற்கான வார்த்தைகளைப் பாடலாசிரியர் வைமன் வோங் எழுதித் தருகிறார்.

காண்டனீஸ் பாட்டு எழுதுவது படுகஷ்டமான வேலை. அந்த மொழியில் ஒரே அசையைச் சுருதி மாற்றிச் சொன்னால் வேறு சொல்லாகிவிடும், ஆறு சுருதிகள். மெட்டு முதலில் வரும். மெட்டு ஏறும் இடத்தில் ஏறும் சொல், இறங்கும் இடத்தில் இறங்கும் சொல் கிடைத்தால்தான் கேட்பவனுக்கு அர்த்தம் ஆகும். இல்லாவிட்டால் காதல் பாட்டில் கத்திரிக்காய் வந்து விழும். அதனால் அங்கே பாடலாசிரியர்களுக்குப் பாடகர்களுக்கு இணையான மதிப்பு. இந்தத் தலைமுறையில் இரண்டு பெரிய கைகள்: லாம் சிக் என்ற புனைபெயரில் எழுதுபவர் ஒருவர், வைமன் வோங் இன்னொருவர். இரண்டு பேருக்கும் பெற்றோர் வைத்த பெயர் வாய்-மன்தான் என்பது அங்கே நெடுநாளாகச் சொல்லிச் சிரிக்கும் தகவல். வைமன் வோங் உடை அலங்காரத்திலும் புகுந்து விளையாடுபவர், விஷமம் பிடித்த மனிதர். ஊர் கைவிட்ட இந்தப் பையனுக்கு அவர் தன்னுடைய சாதாரணச் சரக்கைக் கொடுக்கவில்லை. துறவியின் ஆசை, ஓர் உடலுக்குள் இருக்கும் இரண்டு பால், பௌத்த சூத்திரத்தின் சொற்கள் என்று, பெரிய நட்சத்திரங்களுக்கு எழுதினால் கம்பெனி முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் விஷயங்களை எல்லாம் எழுதித் தந்தார். கெட்ட பெயர் ஏற்கெனவே வந்தாயிற்று. இனி எதற்குப் பயப்பட வேண்டும்?

இந்த இடத்தில்தான் எனக்கு ஜூனோ மாக் பிடிபட ஆரம்பித்தார். பாடும்போதே அவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பாட்டுக்கு முன்னால் பாத்திரம் தயாராக இருக்கிறது. அந்தப் பாத்திரத்துக்கு ஏற்ற உடை, நிறம், இடம் தயாராக இருக்கிறது. கடைசியாகக் குரல் வந்து சேர்கிறது. ஒரு காதல் முறிவைப் பற்றிய பாட்டு வரும். சில வருஷம் கழித்து இன்னொரு பாட்டு, அதே காயத்தின் வேறொரு பக்கம். அப்புறம் 'ரஷோமோன்'. ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் ஜப்பானிய இயக்குநர் குரோசாவா படத்தின் பெயரேதான். அதில் இத்தனை வருஷம் வாய் திறக்காத அந்தப் பெண் பதில் சொல்கிறாள், கே ட்ஸே குரலில். கே ட்ஸே யார் என்று தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். காண்டோபாப்பின் அசுரப் பாடகிகளில் ஒருவர். அவரைப் பக்கத்தில் நிறுத்தினால் தன் குரல் எங்கே போகும் என்பது ஜூனோ மாக்குக்குத் தெரியாதா? தெரிந்துதான் நிறுத்துகிறார். பாட்டில் அவர் ஒரு தரப்பு, அந்தப் பெண் எதிர்த்தரப்பு. எதிர்த்தரப்பு வலுவாக இருந்தால்தான் வழக்கு நிற்கும் என்று பாடகன் யோசிப்பதில்லை, இயக்குநர்தான் யோசிப்பான். அவர் பாடியதிலேயே அதிகம் பேர் கேட்ட பாட்டுகளில் ஒன்றாக அது ஆனது. 2018இல் வந்த ஆல்பத்தில் இந்தப் பழக்கம் முற்றிப் போய், பெயர் வைத்த பாத்திரங்கள், அவர்களுடைய உறவுச் சிக்கல்கள், பாட்டுக்குப் பாட்டு நகரும் கதை என்று முழுநீளப் படமாகவே ஆகிவிட்டது.

சினிமாவுக்கு அவர் வந்த வழி சுற்று வழி. 2010இல் வந்த 'ரிவெஞ்ச்: எ லவ் ஸ்டோரி' படத்துக்குக் கதை அவருடையது, நாயகனும் அவரே. இயக்கியது வோங் சிங்-போ. அடுத்த வருஷம் மாஸ்கோ திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் பரிசை அந்தப் படத்துக்காக வாங்கினார். வன்முறைப் படம். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்ற மூன்றாம் பிரிவுச் சான்றிதழ். எனக்கு அது பாதிதான் பிடித்தது. பழிவாங்கலின் கொடூரத்தில் காட்டிய அக்கறையை அந்தக் காதலில் காட்டியிருக்கலாம். ஆனால் ஜூனோ மாக் அதில் அதிகம் பேசாத, மந்தமான ஓர் ஆளாக நடித்திருப்பார். பாப் பாடகர்கள் நாயகனாக வரும்போது அப்படி வந்து நிற்க மாட்டார்கள்.

2013இல் 'ரிகர் மோர்டிஸ்'. அவர் இயக்கிய முதல் படம். 29 வயது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் படத்துக்காகத்தான் என்பதால் கொஞ்சம் நின்று பேசிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் 1985க்குப் போக வேண்டும். ரிக்கி லாவ் இயக்கத்தில், சாமோ ஹங் தயாரிப்பில் வந்த 'மிஸ்டர் வாம்பயர்'. குதித்துக் குதித்து வரும் பிணங்களின் படம். சிங் வம்சத்து அதிகாரிகளின் உடை, நீட்டிய கைகள், நெற்றியில் மந்திரம் எழுதிய மஞ்சள் காகிதம். காகிதம் ஒட்டியிருக்கும் வரை பிணம் அசையாது. மூச்சை அடக்கிக்கொண்டால் உன்னைக் கண்டுபிடிக்காது. பிணத்தின் நகம் கீறினால் ஒட்டரிசிதான் மருந்து. இரு புருவமும் ஒன்றாகச் சேர்ந்த தாவோ குருவாக லாம் சிங்-யிங், சீடர்களாக ரிக்கி ஹுய்யும் சின் சியு-ஹோவும். ரிக்கிக்கு விஷம் ஏறிவிடும். ஒட்டரிசி வாங்க சின் ஓடுவார். கடைக்காரன் அதில் சாதா அரிசியைக் கலந்துவிடுவான். பேய்ப் படத்துக்கு நடுவில் கலப்படக்காரனைக் கொண்டுவந்து வைக்கும் அந்தக் குறும்புதான் எண்பதுகளின் ஹாங்காங் சினிமா. படம் ஓடோ ஓடென்று ஓடி, அதே அச்சில் பல படங்கள் வந்து, தொண்ணூறுகளில் அந்த வகையே ஓய்ந்துவிட்டது. லாம் சிங்-யிங் 1997இல் இறந்தார். ரிக்கி ஹுய் 2011இல்.

மிச்சம் இருந்தவர்களை ஜூனோ மாக் தேடிப் போனார். 'ரிகர் மோர்டிஸ்' படத்தில் சின் சியு-ஹோ நடிப்பது சின் சியு-ஹோவாக. ஒரு காலத்தில் பேய்ப் படங்களில் நடித்து, இப்போது வேலை இல்லாமல், மனைவியும் பிள்ளையும் கூட இல்லாமல் பழைய அரசுக் குடியிருப்புக்குக் குடி வரும் நடிகர். வீட்டு எண் 2442. வந்தது தூக்குப் போட்டுக்கொள்ள. கதவை உடைத்து அவரைக் காப்பாற்றும் பக்கத்து வீட்டுக்காரர் ஆன்டனி சான், 'மிஸ்டர் வாம்பயர்' படத்தில் பிணங்களை வரிசையாக ஓட்டிச் செல்லும் மூக்குக் கண்ணாடி போட்ட தாவோ குருவாக வந்தவர். இப்போது டிராயரும் குளியல் அங்கியுமாகத் திரியும் கிழவர். பரம்பரைப் பேய் ஓட்டி. பேய்களே இல்லாமல் போய்விட்டதால் தொழில் போயிற்று. வயிற்றுப் பாட்டுக்கு என்ன செய்கிறார் தெரியுமா? ஒட்டரிசி வறுத்து விற்கிறார்.

அந்த அரிசிக் கடையைப் பார்த்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். இதை யோசித்தவனுக்கு அந்தப் பழைய படம் எத்தனை நெருக்கம் என்று அந்த ஒரு விஷயத்திலேயே தெரிந்துவிடுகிறது. வழிந்து நிற்கும் மரியாதை கிடையாது, கிண்டலும் கிடையாது. மந்திரப் பொருள் சாப்பாட்டுப் பொருளாகிவிட்டது. ஓர் ஊரின் சினிமா என்ன ஆயிற்று என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆன்டனி சானைப் பற்றி ஒரு கிளைக்கதை. அவரும் பாட்டுக்காரர்தான். எழுபதுகளில் ஊரைக் கலக்கிய தி வின்னர்ஸ் இசைக்குழுவின் டிரம்மர். ஆலன் டாமும் கென்னி பீயும் அதே குழு. ஆன்டனி சான் பின்னால் படம் இயக்கினார். 1989இல் அவர் இயக்கிய 'எ ஃபிஷி ஸ்டோரி'க்காக மேகி சியுங் ஹாங்காங் திரைப்பட விருதில் சிறந்த நடிகை ஆனார். கென்னி பீயும் ஒரு படம் இயக்கியிருக்கிறார். ஆக, காண்டோபாப்பிலிருந்து கேமராவுக்குப் பின்னால் போனவர்களில் ஜூனோ மாக் முதல் ஆள் இல்லை. லெஸ்லி சியுங்குக்கும் அந்த ஆசை இருந்தது. 2002இல் தயாரிப்பு வேலை வரை போய், முதலீட்டுச் சிக்கலில் படம் நின்றுபோனது. ஊரே கொண்டாடிய லெஸ்லிக்கு முதலீடு அமையவில்லை. ஊர் ஊளையிட்ட பணக்காரப் பிள்ளைக்கு அமைந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் ஒரு முடிவு வரவில்லை.

திரும்பவும் படத்துக்கு. உண்மையான பயங்கரம் சின் சியு-ஹோவிடமும் இல்லை, ஆவிகளிடமும் இல்லை. முய் அத்தையிடம் இருக்கிறது. அக்கம்பக்கத்தார்க்குத் துணி தைத்துக் கொடுக்கும் சாதுவான கிழவி, பாவ் ஹீ-சிங் நடித்தது. கணவராக ரிச்சர்ட் இங், எண்பதுகளில் ஹாங்காங்கைச் சிரிக்க வைத்த நடிகர். கிழவர் படிக்கட்டில் விழுந்து இறந்துபோகிறார். கிழவி மாந்திரீகம் தெரிந்த ஒருவனிடம் போய் அவரைத் திருப்பித் தரச் சொல்கிறாள். பிணத்தை வீட்டுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு அவரோடு பேசுகிறாள், காத்திருக்கிறாள். அவள் கேட்பது வெறும் புருஷனைத்தான். அதற்காக அவள் செய்யத் துணியும் ஒரு காரியம் இருக்கிறதே, அதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. செப்புக் காசுகளைக் கோத்து முகம் மூடிய அந்தக் கிழவரின் உருவத்தை விட, அவருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கிழவியின் முகம் பயங்கரம்.

காரா ஹுய்யும் இருக்கிறார், புத்தி பேதலித்து, வெள்ளைத் தலைமயிர்ச் சிறுவனோடு தாழ்வாரங்களில் அலையும் அம்மாவாக. 1982இல், ஹாங்காங் திரைப்பட விருதுகளின் முதல் ஆண்டில், சிறந்த நடிகை ஆனவர். அன்று குங்ஃபூ நாயகி. ஜூனோ மாக் படத்துக்காக 2014இல் சிறந்த துணை நடிகை விருது வாங்கினார். படத்தில் பெயர் சொல்லும்படி இருக்கிற பலரும் இப்படித்தான்: ஹாங்காங் சினிமாவின் பழைய நாட்களில் கொடிகட்டிப் பறந்தவர்கள். கே ட்ஸேவுக்குப் பாட்டில் செய்ததும் இதேதான். தான் ஒதுங்கி நின்று, தன்னை விடப் பெரியவர்களுக்கு இடம் போடுவது.

இடமும் முக்கியம். 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி எரிந்து பல்லாயிரம் பேர் தெருவுக்கு வந்த பிறகுதான் அங்கே அரசு குடியிருப்பு கட்டத் தொடங்கியது. இன்று ஊரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அரசு வீடுகளில் இருக்கிறார்கள். நீண்ட தாழ்வாரம், இரும்புக் கிராதிக் கதவு, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி. ஜூனோ மாக் அந்த உலகத்தில் வளர்ந்தவர் இல்லை. சில இடங்களில் அது தெரிகிறது: எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கி, அழுக்கைக் கூட அழகாக்கிவிடுகிறார். குடியிருப்பில் வாழ்ந்தவன் எடுத்திருந்தால் எங்காவது ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி கண்ணில் பட்டிருக்கும். தயாரிப்பில் பங்கேற்ற ஜப்பானிய இயக்குநர் தகாஷி ஷிமிஸுவின் ஜப்பானியப் பேய்ச் சாயலும், கறுத்த கூந்தல் இரட்டைச் சகோதரிகளும், எனக்குக் கொஞ்சம் கடன் வாங்கிய சரக்காகவே தோன்றின. திரைக்கதையில் கூடவே எழுதிய பிலிப் யுங் பிறகு 'போர்ட் ஆஃப் கால்' இயக்கிப் பெரிய பெயர் எடுத்தார். முய் அத்தை போன்ற பாத்திரத்தின் மனிதச் சூட்டில் அவர் கை இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வெனிஸ் விழாவின் வெனிஸ் டேஸ் பிரிவில் முதல் திரையிடல். அக்டோபரில் ஹாங்காங்கில் வெளியீடு. முடிவில் லாம் சிங்-யிங்குக்கும் ரிக்கி ஹுய்க்கும் அஞ்சலி.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 2003இல் சீனப் பெருநிலத்தோடு போட்ட பொருளாதார ஒப்பந்தத்துக்குப் பிறகு ஹாங்காங் சினிமாவின் பணம் வடக்கே பார்க்கத் திரும்பிவிட்டது. கூட்டுத் தயாரிப்பு, பெருநிலச் சந்தை, பெருநிலத் தணிக்கை. அந்தத் தணிக்கைக்குப் பேய் ஆகாது. நிஜப் பேய் வரக்கூடாது; வந்தால் கடைசியில் கனவென்றோ பைத்தியம் என்றோ சொல்லிவிட வேண்டும். அப்படியிருக்க, குதிக்கும் பிணத்தை யார் முதல் போட்டு எடுப்பார்கள்? சொந்தக் கம்பெனி வைத்துக்கொண்டு, அந்தச் சந்தை போனால் போகட்டும் என்று சொல்லக்கூடியவர்தான் எடுக்க முடியும். எந்தப் பின்புலத்துக்காக 18 வயதில் ஊளை வாங்கினாரோ அதுதான், வேறு யாரும் தொடத் தயங்கிய ஓர் உள்ளூர் மரபைத் திரும்ப எழுப்பும் துணிச்சலையும் தந்திருக்கும் என்று நினைக்கிறேன். அன்று ஊளையிட்டவர்களில் சிலராவது 2013இல் டிக்கெட் வாங்கியிருப்பார்கள்.

அடுத்த படம் 'சன்ஸ் ஆஃப் தி நியான் நைட்'. 2017இல் படப்பிடிப்பு தொடங்கியது. 2025 மே மாதம் கான் விழாவில் நள்ளிரவுக் காட்சியாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இடைப்பட்ட வருஷங்களில் அது வராது என்றே பலர் எழுதிவிட்டார்கள். தகேஷி கனேஷிரோ, லாவ் சிங்-வான், லூயிஸ் கூ, டோனி லியுங் கா-ஃபாய், காவ் யுவான்யுவான் என்று நட்சத்திரப் பட்டாளம். இசை ரியுய்ச்சி சாகமோட்டோ. படம் வெளியாவதற்குள், 2023 மார்ச்சில், அவர் போய்விட்டார். கதை நடப்பது நிஜத்தில் இல்லாத ஒரு 1994இல். காஸ்வே பே தெருக்களில் பனி கொட்டுகிறது. ஹாங்காங்கில் பனியா என்று கேட்காதீர்கள். கொட்டுகிறது, அதன் நடுவே துப்பாக்கிச் சூடு நடக்கிறது. அந்தத் தொடக்கத்தைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு எனக்குப் பொறுமை சோதனைதான். ஒவ்வொரு சட்டகமும் சுவரில் மாட்டலாம் போல இருக்கிறது, ஆனால் யார் யாருக்கு என்ன வேண்டும் என்பது நழுவிக்கொண்டே போகிறது. நீளமாக எடுத்த ஒரு படத்தை வெட்டி வெட்டிச் சுருக்கிய சாயல். முய் அத்தை மாதிரி ஓர் ஆள் இல்லை. இத்தனை நட்சத்திரங்களும் அழகான கோட்டு போட்டுக்கொண்டு பனியில் நிற்கிறார்கள். எவருக்காவது பசிக்கிறதா என்று தெரியவில்லை.

ஆனாலும் ஒரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. கனேஷிரோ நடிக்கும் மோர்டன் லி, பெரும் மருந்துக் கம்பெனிக் குடும்பத்தின் வாரிசு. அந்தப் பணத்துக்கு அடியில் போதைப்பொருள் வியாபாரம். அவனுக்கு அப்பாவின் சாம்ராஜ்யத்தை இல்லாமல் ஆக்க வேண்டும். அதைச் செய்யும் அதிகாரம் அந்த சாம்ராஜ்யத்தின் வாரிசு என்பதால் மட்டுமே அவனிடம் இருக்கிறது. ஜூனோ மாக்கின் குடும்பத் தொழிலுக்கும் இந்தக் கற்பனைக் கதைக்கும் சம்பந்தம் எதுவும் கிடையாது. ஆனால் அப்பா பெயரைக் கழற்ற முடியாமல் ஒருவன் நிற்கும் கோலத்தை, 18 வயதில் மேடையில் நின்று ஊளை கேட்டவர் வெளியிலிருந்து கற்பனை செய்ய வேண்டியிருந்திருக்காது. கனேஷிரோ அதிகம் பேசாமல் அந்த வேடத்தைத் தாங்குகிறார். படத்தில் எனக்குப் பிடித்த பகுதிகள் எல்லாம் அவர் சும்மா நிற்கும் இடங்கள்.

மூன்றாவது படத்துக்கு இன்னொரு எட்டு வருஷம் எடுத்துக்கொள்வாரோ என்னவோ. என்னைக் கேட்டால் நாலு பேர், ஒரு கட்டடம், சின்ன பட்ஜெட் போதும். பாவ் ஹீ-சிங்கைத் திரும்பக் கூப்பிட வேண்டும்.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு: 'ரிகர் மோர்டிஸ்' படத்தில் நேராகப் போய் உட்காராதீர்கள். முதலில் 'மிஸ்டர் வாம்பயர்' பாருங்கள், சிரிக்கச் சிரிக்க. அந்தக் கலப்பட அரிசிக் காட்சியைப் பார்க்காதவர்களுக்கு ஆன்டனி சானின் கடை வெறும் சாப்பாட்டுக் கடைதான். பாட்டுகளில் 'ரஷோமோன்' முதலில்; வரிகளின் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாவது தடவை கேட்கும்போது கே ட்ஸே தரப்பை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். 'சன்ஸ் ஆஃப் தி நியான் நைட்' கடைசியில் போதும். சாகமோட்டோவுக்காக நல்ல ஹெட்போன் எடுத்துக்கொள்ளுங்கள்.